வெளிநாட்டில் தனியாக ரயிலில் சுற்ற எந்த பாஸ் எடுப்பது? கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரியில். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்றிவிட்டு வந்த பிறகு, தினமும் போய்வரும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கூட இதைப் பற்றிக் கேட்கிறார். பிரெஞ்சு வகுப்பில் கேட்கிறார்கள், தெருவில் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்துவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

"அக்கா, ரயில் பாஸ்னா என்ன? நம்ம சீசன் டிக்கெட் மாதிரியா?"

ஏறக்குறைய அதுதான். கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு சீசன் டிக்கெட்டில் போகிறவருக்கு ரயிலில் ஏறும் உரிமை உண்டு, உட்கார இடம் உண்டு என்று யாரும் உறுதி சொல்வதில்லை. ரிசர்வ்டு பெட்டியில் ஏறினால் டிடிஇ இறக்கிவிடுவார். வெளிநாட்டு பாஸின் குணமும் இதேதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வித்தியாசம் இரண்டு. சீசன் டிக்கெட் இரண்டு ஊருக்கு இடையில்தான், பாஸ் ஒரு நாடு முழுக்கவோ பல நாடுகளுக்கோ செல்லும். அப்புறம், பாஸில் தொடர்ச்சி, ஃபிளெக்ஸி என்று இரண்டு வகை உண்டு. தொடர்ச்சி பாஸ் என்றால் 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்று விட்டுவிடாமல் ஓடும். ஃபிளெக்ஸி என்றால் ஒரு மாதத்துக்குள் உங்களுக்குப் பிடித்த 7 நாளை நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். ஒரு ஊரில் மூன்று நாள் தங்கி மெதுவாகப் பார்க்கிறவர்களுக்கு ஃபிளெக்ஸிதான். தினமும் ரயிலில் இருக்கப்போகிறவருக்கு மட்டுமே தொடர்ச்சி பாஸ் கட்டுப்படியாகும். அப்படி ஒருவரை நான் ஒரே ஒரு முறை சந்தித்தேன், அவர் ரயில் இன்ஜின்களைப் படம் எடுப்பவர்.

"யூரெயில், இன்டர்ரெயில், ஸ்விஸ் பாஸ், ஜேஆர் பாஸ்... எல்லாம் ஒண்ணா வேற வேறயா?"

வேறு வேறு. யூரெயில் 1959இல் தொடங்கியது, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. இன்டர்ரெயில் 1972இல் வந்தது, ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கானது. இரண்டும் இன்று ஒரே 33 நாடுகளில் செல்லும். ஸ்விஸ் டிராவல் பாஸ் சுவிட்சர்லாந்துக்கு மட்டும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் ஜப்பானுக்கு. கடலூரிலிருந்து கிளம்புகிறவருக்கு யூரெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

"பாஸ் எடுத்தா டிக்கெட்ட விட மலிவுதானே?"

இதுதான் எல்லோரும் எடுத்தவுடன் நம்பிவிடும் விஷயம். எப்போதும் மலிவு இல்லை. பாஸ் முக்கியமாக விற்பது மனசை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை. காலையில் எழுந்து, மழை பெய்கிறது, இன்றைக்கு இந்த ஊர் வேண்டாம் என்று வேறு ரயிலில் ஏறலாம். அதற்குத்தான் காசு.

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குக்காக, ஒரு மாதத்துக்குள் 7 நாள் செல்லும் யூரெயில் பாஸ் இரண்டாம் வகுப்பில் 390 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயண நாளுக்கு 56 யூரோ விழுகிறது. இனி ஒரு தாளில் உங்கள் பயணங்களை வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தந்த நாட்டு ரயில்வே தளத்தில் காட்டும் டிக்கெட் விலையை எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் ஜெர்மனியில் நீண்ட தூரத்துக்குக்கூட 20, 30 யூரோவில் டிக்கெட் கிடைக்கும். அதே டிக்கெட்டைப் புறப்படும் நாளில் எடுத்தால் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு 100 யூரோவைத் தாண்டிவிடும். 56க்குக் கீழே இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். தாளில் நான்கு ஐந்து பயணம் மிஞ்சினால் பாஸ், இரண்டுதான் மிஞ்சியது என்றால் டிக்கெட்.

ஆகவே முதலில் ஊர்களை முடிவு செய்யுங்கள், பிறகு பாஸ். பாஸை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஊர் தேடுகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

"நான் எட்டு ஊர் போறேன். எட்டு நாள் பாஸ்தானே எடுக்கணும்?"

யூரெயிலில் எட்டு நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு மாதத்துக்குள் 4, 5, 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10, 15 நாள் என்றுதான் ஃபிளெக்ஸி பாஸ் வரும். ஒரு பயண நாள் என்றால் நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். எட்டு ஊருக்கு இடையில் ஏழு பயணம்தான். அதில் குறைந்தது இரண்டு பயணங்கள் ஒரு மணி நேரத்தில் முடிகிறவையாக இருக்கும், அவற்றுக்கு டிக்கெட் எடுத்தால் போதும். ஆக, 5 நாள் பாஸ் சரியாக இருக்கும்.

இந்த அறிவு எனக்கு முதலில் இல்லை. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், டிக்கெட்டும் சல்லிசு. கையில்தான் பாஸ் இருக்கிறதே என்று ஒரு பயண நாளைத் தட்டிவிட்டேன். கடைசி வாரத்தில் நாள் தீர்ந்துபோய், பாசலிலிருந்து ஹாம்பர்க்குக்கு முழு விலைக்கு டிக்கெட் எடுத்தபோது வயிறு எரிந்தது. லக்சம்பர்க்கில் பயண நாளைத் தொடவே தொடாதீர்கள். அந்த நாட்டுக்குள் 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து இரண்டாம் வகுப்பு ரயில், பஸ், டிராம் எல்லாமே எல்லோருக்கும் இலவசம்.

"எனக்கு 28 ஆகப்போகுது. யூத் பாஸ் கிடைக்குமா?"

பாஸ் தொடங்கும் நாளில் உங்களுக்கு 27 வயது இருந்தால் போதும், வழியில் பிறந்தநாள் வந்தாலும் செல்லும். பெரியவர் விலையில் கால்வாசி குறையும், மேலே போட்ட கணக்கில் நாளுக்கு 42 யூரோ ஆகிவிடும். 60 தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் குறைவு.

"காசு கொடுத்து பாஸ் வாங்கியாச்சு. அப்புறம் எதுக்கு ரிசர்வேஷனுக்குத் தனியா காசு கேக்கறான்?"

சீசன் டிக்கெட் உவமையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாஸ் ஏறும் உரிமை, இருக்கை வேறு. சில நாடுகளில் இருக்கை இல்லாமல் ரயிலில் ஏறவே முடியாது, சில நாடுகளில் அந்தப் பேச்சே இல்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க் ஆகியவற்றில் உள்நாட்டுப் பகல் ரயில்கள் பெரும்பாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வகை. ஜெர்மனியின் ஐசிஇ மாதிரி அதிவேக ரயிலிலும் அப்படித்தான். கூட்டம் இருக்கும் என்று பயந்தால் 5 யூரோ சொச்சம் கொடுத்து இடம் பிடித்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. பாஸுக்கு உண்மையான மதிப்பு இந்த நாடுகளில்தான். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோஸ்ஸா, ஸ்பெயினின் ஆவே ஆகிய அதிவேக ரயில்களில் ரிசர்வேஷன் கட்டாயம், ஒவ்வொரு முறையும் 10 யூரோவோ அதற்கு மேலோ தனியாகப் போகும். லண்டன் போகும் யூரோஸ்டாரில் 30 யூரோவுக்குக் குறையாது. இதையும் முன்பு சொன்ன தாளில், நாளுக்கு விழும் 56 யூரோவோடு கூட்டி எழுதுங்கள். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய தொல்லை, பிரான்ஸில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் அளவானவை. ரயிலில் காலி இடம் இருக்கும், பாஸ்காரருக்கு இல்லை என்று காட்டும். பாரிஸிலிருந்து பார்சிலோனா, மிலான் போன்ற வழிகளில் கோடையில் இது சீக்கிரமே தீர்ந்துவிடும். நம் ஊர் தட்கல் மாதிரி முதல் நாள் காலையில் உட்கார்ந்து பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாரக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். அப்படி முன்பே பிடித்துவிட்டால் மனசை மாற்றும் சுதந்திரம் எங்கே மிஞ்சியது? அதனால்தான் பிரான்ஸ், ஸ்பெயின் மட்டும் போகிறவர்களிடம் பாஸ் வேண்டாம் என்கிறேன். பிரான்ஸில் ஓடும் விகோ என்ற மலிவு ரயிலில் பாஸ் செல்லவே செல்லாது, தேடும்போது அதை OUIGO என்று எழுதித் தேடுங்கள். ஆனால் டிஇஆர் எனப்படும் மெதுவான வட்டார ரயில்களில் பெரும்பாலும் ரிசர்வேஷன் இல்லாமலே ஏறலாம். நேரம் இருக்கிறவர்களுக்கு அதுவே நல்ல வழி, ஜன்னல் ஓரத்தில் பார்க்கவும் நிறைய கிடைக்கும்.

"ராத்திரி ரயில்ல படுத்துட்டே போனா லாட்ஜ் காசு மிச்சம். ஆனா ரெண்டு நாள் கழிச்சுடுவாங்களாமே?"

இல்லை, ஒரே நாள்தான். வியன்னாவில் இரவு ஏறி மறுநாள் காலை வெனிஸில் இறங்கினால் ஏறிய நாள் மட்டும் கழியும். இறங்கிய பிறகு அன்றைக்கே பாஸில் இன்னொரு ரயில் ஏறினால்தான் அடுத்த நாள் கழியும். மாலை 7 மணிக்கு மேல் ஏறினால் மறுநாள் கணக்கு என்று யாராவது சொன்னால், அது பழைய விதி, இப்போது இல்லை.

படுக்கைக்குத் தனிக் காசு. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் உட்காரும் இடம், ஆறு பேருக்கோ நான்கு பேருக்கோ படுக்கை உள்ள கூபே, கதவு பூட்டும் தனி அறை என்று மூன்று தரம் உண்டு. கூபேயில் படுக்க 30, 40 யூரோ ஆகலாம், சீசனில் இன்னும் மேலே. விடுதியில் ஒரு கட்டிலின் வாடகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பகல் மிச்சம், அது உண்மை.

"ஏம்மா, எம் பொண்ணு தனியா போறேங்கறா. ராத்திரி ரயில் வேணாம்னு நீயாவது சொல்லேன்?"

மஞ்சக்குப்பத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நைட்ஜெட்டில் படுக்கை எடுக்கும்போதே பெண்கள் மட்டும் உள்ள கூபே கேட்கலாம். நான் அதில்தான் போனேன், உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, பெட்டிக்கு ஒரு பணியாளர் இருப்பார். உட்காரும் இருக்கையில் இரவைக் கழிப்பதைத்தான் வேண்டாம் என்பேன். தூக்கமும் வராது, பையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரயிலைவிட, இறங்கும் நேரத்தைத்தான் நான் கவனிப்பேன். புது ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் போய் இறங்கும் ரயிலை எடுக்க மாட்டேன். ரிசர்வேஷன் தேவையில்லாத ரயில்களில், பாஸில் முந்தைய ரயிலுக்கு மாறக் கூடுதல் காசு இல்லை என்பதால் இது சுலபம். பாஸ்போர்ட், கார்டு, போன் மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், தலைமாட்டில் வைக்கும் பையில் அல்ல. அந்தப் பெண் போய்விட்டு நல்லபடியாக வந்துவிட்டாள். அம்மா இப்போது அவளோடு சேர்ந்து போவது பற்றிக் கேட்கிறார்.

"ஸ்விட்சர்லாந்து மட்டும்தான் போறேன். எந்த பாஸ்?"

ஸ்விஸ் டிராவல் பாஸைப் பாருங்கள். 3, 4, 6, 8, 15 நாள் என்று வரும். ரயில் மட்டுமல்ல, அஞ்சல் பஸ், ஏரிப் படகு, ஊர்களுக்குள் ஓடும் டிராம், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலைக்கு இலவசம், பெரும்பாலான மலை ரயில்களில் பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலை நிலையத்துக்குக் கால்வாசிதான் குறைப்பார்கள். யூரெயிலில் இவ்வளவு கிடையாது. சுவிட்சர்லாந்தோடு வேறு நாடுகளும் சேர்ந்தால்தான் யூரெயில்.

ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று மலை மட்டும் ஏறுகிறவர்கள் அரைக்கட்டண அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் செல்லும், ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை. அங்கே முழு விலை என்பது சாதாரணமல்ல, சூரிச்சிலிருந்து ஜெனிவாவுக்கு 90 பிராங்கைத் தொடும்.

"ஜப்பானுக்கு ஜேஆர் பாஸ் எடுத்தே ஆகணும்னு எல்லாரும் சொல்றாங்களே?"

2023 அக்டோபருக்கு முன்னால் போனவர்கள் சொல்லியிருப்பார்கள். அதுவரை 7 நாள் பாஸ் 29,650 யென், அந்த மாதம் ஒரே தூக்காக 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர டிக்கெட்டாக எடுத்தால் 28,000 யென் அளவில்தான் ஆகும், ஹிரோஷிமா வரை போய்வந்தாலும் 40,000ஐத் தொடாது. அதற்கும் மேலே வடக்கே ஹொக்கைடோ, தெற்கே கியூஷூ என்று ஒரே வாரத்தில் ஓடினால் பாஸ் தாங்கும். ஜேஆர் நிறுவனங்கள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாக விற்கும் சின்ன பாஸ்கள் பலருக்குப் போதும்.

இன்னொன்று, ஷின்கான்சென் எனப்படும் அதிவேக ரயில்களில் மிக வேகமான நொசோமி, மிசுஹோ இரண்டிலும் நாடு தழுவிய பாஸோடு கூடுதல் காசும் கட்ட வேண்டும். அங்கே படிக்கிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் இந்த பாஸ் இல்லை, சுற்றுலாவாக வந்தவர் என்று பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும்.

"நான் ஜெர்மனில படிக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். ஃப்ரெண்டு வில்லியனூர்ல இருக்கான், பிரெஞ்சு பாஸ்போர்ட். சேர்ந்து சுத்தணும். யாருக்கு எது?"

வேறு ஊரில் கேட்டால் வேடிக்கைக் கேள்வி, புதுச்சேரியில் நிஜக் கேள்வி. 1962இல் சட்டப்படி ஆட்சி கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே இன்றும் இருக்கின்றன. பாஸ் விஷயத்தில் பார்ப்பது எங்கே வசிக்கிறீர்கள் என்பதை. ஜெர்மனியில் வசிக்கும் உங்களுக்கு இன்டர்ரெயில், வசிப்பிட அனுமதி அட்டை கையில் இருக்கட்டும். வில்லியனூரில் வசிக்கும் நண்பருக்கு யூரெயில், இங்கே வசிப்பதற்கான அத்தாட்சி ஒன்றை அவர் எடுத்துப்போக வேண்டும். ஒரே ரயிலில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போகலாம்.

இன்டர்ரெயிலில் ஒரு முடிச்சு உண்டு. வசிக்கும் நாட்டுக்குள் அதை இரண்டு நாள்தான் பயன்படுத்தலாம், வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று. ஜெர்மனிக்குள் சுற்ற உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58 ஆனது. அது வட்டார ரயில்களுக்கு மட்டும், ஐசிஇயில் செல்லாது. மாதச் சந்தா என்பதால் ரத்து செய்யும் தேதியை மறந்தால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

"பாஸ்ல 33 நாடு இருக்கே. ஷெங்கன் விசா ஒண்ணு போதும்ல?"

போதாது. ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா, பாஸில் உள்ள எல்லா நாடும் அதில் இல்லை. பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி, செர்பியா, போஸ்னியா எல்லாம் யூரெயிலில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இதில் இன்னும் மோசமான பொறி, ஒரே முறை நுழையும் விசாவோடு புடாபெஸ்டிலிருந்து செர்பியாவுக்குள் போய்விட்டால் திரும்ப ஹங்கேரிக்குள் வர முடியாது. பாஸ் தடுக்காது, எல்லையில்தான் தெரியும். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஊர்களை முடிவு செய்யுங்கள். குரோவேஷியா 2023இலிருந்தும், ருமேனியாவும் பல்கேரியாவும் தரைவழிக்கு 2025 ஜனவரியிலிருந்தும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. அங்கே கழிக்கும் நாள்களும், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் சேரும்.

விசா வரும் முன் பாஸ் வாங்க வேண்டாம். தொடங்காத சாதாரண பாஸைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் 15 சதவீதம் பிடிப்பார்கள். தள்ளுபடியில் வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பவே முடியாது.

"மேப்ல எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. சுத்திரலாம்ல?"

புதுச்சேரியும் கடலூரும் மேப்பில் எவ்வளவு பக்கம்! இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரயிலில் போக வேண்டுமானால் விழுப்புரம் போய்ச் சுற்றி வர வேண்டும். நாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம், ஐரோப்பாவிலும் இதே கதை உண்டு. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கிறது, அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. ஸ்ப்ளிட் வரை ரயில், அப்புறம் பஸ்தான், பாஸ் பைக்குள் தூங்கும். பாஸ் வாங்கும் முன் ஒவ்வொரு பயணத்தையும் ரயில் நேர அட்டவணையில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

"பாஸ் போன்லதான் இருக்குமாமே. சார்ஜ் போச்சுன்னா?"

ரெயில் பிளானர் என்ற செயலியில் இருக்கும். ஏறும் முன் அந்த ரயிலைச் சேர்த்து அன்றைய நாளைத் திறந்தால் க்யூஆர் குறியீடு வரும், பரிசோதகர் அதை ஸ்கேன் செய்வார், சிலர் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறையாவது நெட்டில் இணைக்க வேண்டும். சார்ஜ் போனால் பாஸ் இல்லாதவர்தான், அபராதம் உண்டு. ஒரு பவர் பேங்க், இரண்டு வயர். கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ரிசர்வேஷன் காசு கட்டும்போது மறுத்துவிடும்.

"முதல் ரயில் லேட்டாகி, ரிசர்வ் பண்ண ரெண்டாவது ரயில் போயிடுச்சுன்னா யார் பொறுப்பு?"

பாஸுக்கு ஒன்றும் ஆகாது, அந்த நாள் நள்ளிரவு வரை உங்களுடையது. போவது ரிசர்வேஷன் காசுதான், அது தனி. ரிசர்வேஷன் தேவையில்லாத நாட்டில் அடுத்த ரயிலில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் ரயில் தாமதம் சகஜம், எனக்கே நான்கு முறை நடந்தது, ஒரு பைசா செலவாகவில்லை. ரிசர்வேஷன் கட்டாயமான ரயில் என்றால் கவுன்டரில் தாமதத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும், அடுத்த ரயிலில் இடம் இருந்தால் உண்டு. அதனால் அப்படிப்பட்ட ரயிலுக்கு முன்னால் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். தாமதத்தால் நள்ளிரவு தாண்டி இன்னொரு ரயில் மாற வேண்டி வந்தால், இரவு ரயிலுக்குச் சொன்ன அதே விதிப்படி புது நாள் ஒன்று கழியக்கூடும்.

"அடுத்து நீங்க எங்கக்கா போறீங்க, எந்த பாஸ்?"

போர்ச்சுகலும் ஸ்பெயினும், மூன்று வாரம். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், 56க்கு மேலே ஒரே ஒரு பயணம்தான் நின்றது. பாஸ் எடுக்கவில்லை.